அப்பாவுக்கு வாசித்துச் சொன்னது

ஜனவரி 12, ஞாயிறு

பரிசோதனைக்கு நாள் குறித்து வந்துவிட்டது. மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை.

கடிதத்தை நான்தான் அப்பாவுக்கு வாசித்துச் சொன்னேன். இந்த வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் நான்தான் வாசிக்கிறேன். அப்பாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் பேச வரும், கடைகளுக்கு முதலாளியின் வான் வண்டியில் சாமான் கொண்டுபோய் இறக்கும் அளவுக்கு. எழுத்து ஓடாது. அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவள் இரவு வேலை செய்யும் சான்ட்விச் தொழிற்சாலையில் எல்லோரும் தமிழ்ப் பெண்கள்தான்.

வாசித்து முடிந்ததும் அப்பா கராஜில் நின்ற காரின் மூக்கைத் தட்டி, "கேட்டியே, உனக்குச் சோதினை வருது" என்றார். மூன்று குளிர்காலமாக அந்தக் காரோடுதான் அவருடைய பேச்சு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் தானே கட்டுவதற்கென்று பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, பாதியில் அலுத்துப்போய் விற்ற கார். இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரை கிடையாது.

"சண்டைக்குள்ள ஊரில கூரை இல்லாமல் நாங்கள் இருந்த காலம் காணாதாம்" என்று அம்மா யார் வந்தாலும் சொல்லுவாள். "காசு குடுத்துக் கூரையில்லாத கார் கட்டுறார் இவளின்ர அப்பா."

வீட்டில் கட்டிய காரை அப்படியே தெருவில் இறக்க முடியாது. அரசாங்கத்தின் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சரி என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கான விதிகள் ஒரு தடித்த புத்தகம் அளவு இருக்கின்றன. பின்னேரங்களில் நான் ஒவ்வொரு பகுதியாக வாசித்துத் தமிழில் சொல்ல, அப்பா அதன்படி வேலை செய்கிறார். பரிசோதகரிடம் ஒரு சிறிய உருண்டை இருக்குமாம். அந்த உருண்டை போய்த் தொடக்கூடிய எந்த விளிம்பும் கூராக இருக்கக்கூடாது. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது.

"ரோட்டில நடந்து போற ஆரையும் கீறிப்போடக்கூடாது எண்டு நினைச்சிருக்கிறாங்கள் பார் பிள்ளை. நல்ல மனுசர்."

இதை எழுதும் இந்தக் கொப்பியைப் பள்ளிப் பையில் வைத்திருக்கப் போகிறேன். வீட்டில் யாரும் என் பள்ளிப் பையைத் திறப்பதில்லை. பள்ளியில் யாருக்கும் தமிழ் தெரியாது. பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. சும்மாதான்.

ஜனவரி 15, புதன்

அப்பா இன்று கையில் ஸ்பானரை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

காரை நாமே கட்டினோம் என்பதற்குப் படங்கள் காட்ட வேண்டும். அதனால் அப்பா வேலை செய்யும்போது நான் போனில் படம் எடுப்பேன். இன்று பின்சில்லுக்குப் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்பா, இஞ்ச பாருங்கோ" என்றேன். பார்க்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். கண் திறந்துதான் இருந்தது. வாய் எதையோ மெல்லுவது போல அசைந்தது. வலது கை சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தது.

பிறகு திரும்பிப் பார்த்து, "எடுத்திட்டியே?" என்று கேட்டார்.

"எடுத்திட்டன்."

நான் எடுக்கவில்லை. போனைக் கீழே பிடித்தபடி நின்றிருந்தேன்.

அவர் களைத்துப்போயிருக்கிறார். விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர் வேறு எப்படி இருப்பார்.

ஜனவரி 25, சனி

தமிழ்ப் பள்ளிக்குப் பிந்திப் போனோம். வழியில் வாகன நெரிசல்.

ஜனவரி 26, ஞாயிறு

நேற்று எழுதியது சரியில்லை. நெரிசல் ஒன்றும் இருக்கவில்லை.

வானில் நான் முன்னால் இருந்தேன். பெரிய சுற்றுவட்டத்துக்கு வந்தோம். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. வலப்பக்கத்தில் இருந்து ஒரு பஸ் வந்தது. "அப்பா" என்றேன். அவருடைய கை ஸ்டியரிங்கில் இல்லை. பொத்தானில் இருந்தது.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். பிறகு ஹாண்ட்பிரேக்கை இழுத்தேன். வான் புல்லில் ஏறி நின்றது. பின்னால் வெங்காய மூட்டைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. அதற்குள் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு சிறுவன் யன்னலில் கை வைத்து எங்களைப் பார்த்தான்.

அப்பா என்னைப் பார்த்து, "ஏன் நிண்டனாங்கள்?" என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் புல்லைப் பார்த்தார், ஹாண்ட்பிரேக்கைப் பார்த்தார்.

"நித்திரை தூங்கிப்போனன் போல" என்றார். பிறகு, "அம்மாட்டச் சொல்லாதை குஞ்சு. அவ பயப்பிடுவா."

நித்திரை என்றால் கண் மூடியிருக்கும்.

ஜனவரி 30, வியாழன்

ஹெட்லைற்றின் உயரம் பற்றிய பகுதியை வாசித்தோம். அப்பா சுவரில் சோக்கால் கோடு கீறி வெளிச்சத்தைச் சரிபார்த்தார். நன்றாக இருந்தது. இரவுச் சாப்பாடு கத்தரிக்காய்ப் பால்கறி.

பெப்ரவரி 6, வியாழன்

அப்பாவின் கை எரிந்துவிட்டது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொதித்துக்கொண்டிருந்த புகைக்குழாயின் மேல் இடது கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். அந்த மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நொந்தது.

பெப்ரவரி 7, வெள்ளி

டொக்டரிடம் போனோம். மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் எடுத்துத் தரலாம் என்று வரவேற்பில் சொன்னார்கள். அப்பா, "வேண்டாம், மகள் இருக்கிறா" என்று ஆங்கிலத்தில் சொல்லி என் தோளைத் தொட்டார். டொக்டருக்கும் அவசரம் போல. சரி என்றுவிட்டார்.

டொக்டர் கையைப் பார்த்தார். இவ்வளவு ஆழமாக எரிய எவ்வளவு நேரம் கை அங்கே இருந்தது என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"வழுக்கி விழுந்து ஊண்டினது எண்டு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன்.

டொக்டர் அப்பாவின் முகத்தையே பார்த்தார். "இவர் எப்போதாவது மயங்கியிருக்கிறாரா? சுயநினைவு இல்லாமல் போயிருக்கிறதா? வாகனம் ஓட்டும்போது?"

இதை நான் தமிழில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. சொல்லத் தொடங்கும் முன்பே அப்பா என்னைப் பார்த்து மெதுவாக, "இல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

"நோ" என்றேன்.

திரும்பி வரும்போது வானில் அவர் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். "நல்ல வடிவா இங்கிலீசு கதைக்கிறாய். நீயும் டொக்டரா வரலாம்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதை மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்கிறவருடைய வேலை அவ்வளவுதான்.

நான் ஹாண்ட்பிரேக்கில் கை வைத்தபடியே வீடுவரை வந்தேன்.

பெப்ரவரி 10, திங்கள்

பள்ளி நூலகத்துக் கணினியில் தேடிப் பார்த்தேன். கண் திறந்திருக்க நினைவு மட்டும் போய் வருவதற்கு ஒரு பெயர் இருக்கிறது. வாய் மெல்லுவது, பொத்தானைத் திருகுவது எல்லாம் அப்படியே எழுதியிருக்கிறது, யாரோ எங்கள் கராஜில் நின்று பார்த்தது போல. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன்.

அப்படி வருகிறவர்கள் உடனே வாகனம் ஓட்டுவதை நிறுத்தி, அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அதுதான் சட்டம். அறிவித்தால் லைசென்சை எடுத்துவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால் வான் இல்லை. வான் இல்லாவிட்டால் அப்பாவுக்கு என்ன வேலை இருக்கிறது?

அறிவிக்காவிட்டால் அந்த பஸ்.

தேடியதை எல்லாம் அழித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மிஸ் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். தலையிடி என்றேன். அவரிடம் சொன்னால் அவர் இன்னொருவரிடம் சொல்லுவார், அவர்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் அவர்கள் சொல்வதையும் நான்தான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெப்ரவரி 13, வியாழன்

அப்பா வரப் பிந்திவிட்டது. யன்னலில் நின்றேன். வந்துவிட்டார்.

பெப்ரவரி 16, ஞாயிறு

அம்மா கராஜுக்கு வந்தாள். காரைக் கட்டத் தொடங்கிய பிறகு அவள் அந்தப் படி தாண்டி வந்ததை நான் கண்டதில்லை. கையில் சின்னப் பித்தளைப் பிள்ளையார். லண்டனில் கோயில் கடையில் வாங்கியதாம்.

"இஞ்சாருங்கோ, இவரையும் இதுக்குள்ள எங்கயாவது பூட்டுங்கோ. கூரைதான் இல்லை. காவலாவது இருக்கட்டும்."

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். உடனே டாஷ்போட்டின் நடுவில் துளை போட்டு, பிள்ளையாரை இரண்டு திருகாணி வைத்து இறுக்கினார். அம்மா இடப்பக்கச் சீற்றில் ஏறி இருந்து பார்த்தாள்.

"என்னப்பா, நிலத்தில குந்தி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

"ஓடேக்க பாரும், பறக்கிற மாதிரி இருக்கும். பாஸ் ஆனவுடனை முதல் ஓட்டம் நீரும் நானும். மோட்டர்வேயால கடலுக்கு."

"தலைமயிர் என்னத்துக்கு ஆகும்?"

"துணி கட்டும்."

அம்மா சிரித்தாள். எழும்பி வீட்டுக்குள் போய், மேலே அலுமாரியில் இருந்து ஒரு பச்சைத் துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு வந்து காட்டினாள். அவர்கள் இரண்டு பேரும் இப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம்.

மோட்டர்வே. லொறிகள் பறக்கிற பெருந்தெரு. காரின் கதவு உயரம் அம்மாவின் இடுப்பு அளவுக்குத்தான் வருகிறது.

பெப்ரவரி 19, புதன்

காரின் உட்பக்கம் பற்றிய பகுதி வந்தது. டாஷ்போட்டில் தலை மோதக்கூடிய இடத்தில் கூராக எதுவும் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது என்று முழுப்பக்கம் எழுதியிருக்கிறது. லைற் போடும் ஆளியின் விளிம்பு, கண்ணாடியின் விளிம்பு, அலங்காரத்துக்குப் பூட்டிய பொருள்கள்.

பிள்ளையாரின் தந்தம் கூரானது. நான் விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

"அடுத்தது என்ன பிள்ளை?"

"சீற் பெல்ற்" என்றேன்.

அந்தப் பக்கத்தைத் திருப்பி, சீற் பெல்ற் பகுதியை ஒரு வரியும் விடாமல் வாசித்தேன்.

பெயிலானால் கார் வீட்டிலேயே நிற்கும். யாருக்கும் ஒன்றும் நடக்காது. திருத்திக்கொண்டு மறுபடியும் கொண்டுபோகலாம்தான். அதற்குள் கோடை வந்துவிடும். அதற்குள் ஏதாவது நடக்கும்.

பெப்ரவரி 24, திங்கள்

இன்று வேலை முடிந்து வந்த வானின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருந்தது. "ஆரோ தட்டிப்போட்டாங்கள்" என்றார் அப்பா. அம்மா, "நிறுத்தி வைக்கேக்கயே?" என்று கேட்டாள். "ஓம், நிறுத்தி வைக்கேக்க" என்றார்.

மார்ச் 1, சனி

பரிசோதனைக்கு வரும் நாளில் மட்டும் காரைப் பதிவில்லாமலே தெருவில் ஓட்டிக்கொண்டு போகலாம். கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. அப்பா காப்புறுதிகூட எடுத்துவிட்டார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு போகப்போகிறாராம். அன்று எனக்குப் பள்ளி இல்லை என்று அம்மாவிடம் சொல்லலாமாம்.

"கடிதத்தை இன்னொருக்கால் வாசிச்சுப் பார்த்தனான்" என்றேன். "பின்னால கட்டி இழுக்கிற றெயிலரில ஏத்தித்தான் கொண்டு வரோணும் எண்டு போட்டிருக்கு. நான் முதல் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் நம்பினார். நகுலன் மாமாவுக்குப் போன் எடுத்து றெயிலர் கேட்டார். நகுலன் மாமா எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்பாவின் சிநேகிதர், வாகனங்களுக்கு ரயர் போடும் கடை வைத்திருக்கிறார்.

மார்ச் 2, ஞாயிறு

நகுலன் மாமா ரோல்ஸ் பலகாரப் பையோடு வந்தார். காரைச் சுற்றி வந்து ரயர்களை உதைத்துப் பார்த்தார்.

"அண்ணை, இது ஓடுற கார்தானே? றெயிலர் என்னத்துக்கு?"

"கடிதத்தில போட்டிருக்காம்."

"எங்க, காட்டுங்கோ."

கடிதம் கராஜ் சுவரில்தான் ஒட்டியிருந்தது. நான் ரோல்சை மென்றுகொண்டு நின்றேன். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"அப்பிடி ஒண்டும் இல்லையே. ஓட்டிக்கொண்டு வரலாம் எண்டு சிலேட்டில எழுதின மாதிரிக் கிடக்கு. என்ன பிள்ளை, உங்கட பள்ளிக்கூடத்தில இங்கிலீசு படிப்பிக்கிறேல்லையே? எல்லாம் போனில பொம்மை அனுப்பித்தானோ கதைக்கிறியள்?"

அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"இல்லை நகுலன். றெயிலரிலயே கொண்டு போவம்" என்றார். "மழை வந்தாலும் வரும்."

"மழைக்கு நனையாத காரே கட்டினனீங்கள்? சரி, சரி. கொண்டு வாறன்."

மாமா போன பிறகு அப்பா கராஜ் கதவைச் சாத்தினார்.

"ஆரபி."

என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிடுவது அபூர்வம். பிள்ளை, குஞ்சு என்பார்.

"வேற என்ன மாத்தினனீ?"

நான் விதிப்புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கத்தை வாசித்தேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு திருகாணிகளைக் கழற்றிப் பிள்ளையாரை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"இவரும் பெயில்தான்" என்றார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார் என்று காத்துக்கொண்டு நின்றேன். கேட்கவே இல்லை. துளையை அடைக்க ஒரு ரப்பர் மூடி தேடத் தொடங்கினார்.

ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தெரிந்த பிறகும் ஏன் றெயிலர் கேட்டார்? மழைக்காக இருக்கும்.

மார்ச் 8, சனி

ஆளிகளுக்கெல்லாம் ரப்பர் விளிம்பு ஒட்டினோம். அப்பா விளிம்பை வெட்டித் தந்தார். நான் பசை பூசினேன். வேலை நன்றாக நடந்தது.

மார்ச் 11, செவ்வாய்

நேரம் பிந்திவிட்டது. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதப் போகிறேன்.

நகுலன் மாமாவின் ஜீப்பில் போனோம், கார் பின்னால் றெயிலரில். மாமாவுக்குப் பரிசோதனைக் கூடத்துக்குள் இடமில்லை, வெளியே ஜீப்பில் இருந்துகொண்டார். அப்பாவும் நானும் உள்ளே மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றோம்.

பரிசோதகர் சளி பிடித்த ஒரு மனிதர். மூக்கைத் துடைத்துத் துடைத்து வேலை செய்தார். உருண்டையைக் காரின் வெளிப்பக்கம் எல்லாம் உருட்டிப் பார்த்தார். உள்ளே கையை விட்டு டாஷ்போட்டைத் தடவினார். பெல்ற்றைத் தொங்கி இழுத்தார். அடியில் படுத்து ஒவ்வொரு திருகாணிக்கும் வெளிச்சம் அடித்தார். அப்பா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வயர் எல்லாம் இவ்வளவு ஒழுங்காகக் கட்டியதை நான் அடிக்கடி பார்ப்பதில்லை" என்றார் பரிசோதகர்.

சொன்னேன். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. "அது என்ர மகள் கட்டினது எண்டு சொல்லு."

"தாங்க் யூ என்கிறார்" என்றேன்.

"மிச்சத்தையும் சொல்லு பிள்ளை."

அதையும் சொன்னேன். பரிசோதகர் எனக்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அடுத்தது சத்தம் அளப்பது. காரை வெளியே முற்றத்துக்குத் தள்ளினோம். அப்பா சீற்றில் இருந்து எஞ்சினை ஓடவிட்டு, கியர் போடாமல் அக்சிலேற்றரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பரிசோதகர் பின்னால் கருவியோடு நின்று கையைத் தூக்கியதும் விட வேண்டும். நான் அதை அப்பாவுக்குத் தெளிவாகச் சொன்னேன். "ஓம், விளங்குது" என்றார்.

எஞ்சின் உறுமியது. பரிசோதகர் அளந்தார். கையைத் தூக்கினார். சத்தம் குறையவில்லை. இன்னும் உயரத் தூக்கினார். சத்தம் கூடிக்கொண்டே போனது. கார் நின்ற இடத்திலேயே நடுங்கியது. "காலை எடு" என்று அவர் கத்தினார்.

நான் ஓடினேன். அப்பா முன்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. விரல்கள் பொத்தானைத் திருகின. நான் கதவுக்கு மேலால் குனிந்து திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன்.

ஒரே அமைதி.

பரிசோதகர் வந்து அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவருக்குக் காது கேட்காதா? அல்லது ஆங்கிலம் விளங்கவில்லையா?"

இரண்டில் எதற்கு ஆமாம் என்றாலும் போதும். அவர் நம்பியிருப்பார். அப்பாவின் கண் என் பக்கம் திரும்பவில்லை. இல்லை எண்டு சொல்லு பிள்ளை என்று சொல்ல அவர் அங்கே இருக்கவில்லை.

"கேட்கும்" என்றேன். "இப்போது கேட்காது. அவருக்கு இப்படி வருகிறது. அடிக்கடி வருகிறது. வான் ஓட்டும்போதும் வந்தது. டொக்டர் கேட்டபோது இல்லை என்று சொன்னது நான்தான்."

ஆங்கிலத்தில் அதைச் சொல்லும்போது வேறு யாரோ பேசுவது போல இருந்தது. பரிசோதகர் மூக்கைத் துடைக்க எடுத்த தாளைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"இன்று அவர் வாகனம் ஓட்டினாரா?"

"இன்று இல்லை. நாளைக்கு விடிய வேலைக்கு ஓட்டிக்கொண்டு போவார்."

"திறப்பை என்னிடம் தா" என்றார். கொடுத்தேன்.

அப்பா அப்போதுதான் தலையைத் திருப்பினார். "ஏன் நிப்பாட்டினனீ? அவர் கை காட்டினவரே?" பிறகு எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். "என்ன கேட்டவர்?"

நான் சொன்னேன். அவர் கேட்டதைச் சொன்னேன். நான் சொன்னதையும் சொன்னேன். சுற்றுவட்டம், டொக்டர், நாளைக்கு விடிய வேலை, எல்லாவற்றையும். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, ஒரு வரியையும் தாண்டவில்லை.

அப்பா ஸ்டியரிங்கில் இருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தார். பிறகு பரிசோதகரைப் பார்த்து அவரே ஆங்கிலத்தில், "சொறி, சேர்" என்றார்.

பரிசோதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்தார். மிச்ச வேலையைத் தானே ஓட்டிப் பார்த்து முடித்தார்.

கார் பாஸ்.

கடதாசியை அப்பாவிடம் கொடுத்தார். திறப்பை வெளியே போய் நகுலன் மாமாவிடம் கொடுத்தார்.

மார்ச் 12, புதன்

அப்பா விடிய எழும்பவில்லை. அம்மா வேலை முடிந்து வந்து, வாசலில் வான் நிற்பதைக் கண்டு, சுகமில்லையா என்று கேட்டாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான்தான் சொன்னேன்.

அம்மா தொழிற்சாலைக் கோட்டைக் கழற்றாமல் படியில் இருந்து கேட்டாள். தலையில் போடும் வலை இன்னும் இருந்தது. நான் அவள் அழுவாள் என்று நினைத்தேன்.

"வெள்ளைக்காரனிட்டச் சொல்லத் தெரிஞ்சுது உனக்கு" என்றாள். "எனக்குச் சொல்லத் தெரியேல்லை."

"அப்பா சொல்ல வேண்டாம் எண்டவர்."

"அவர் சொல்லுவார். என்னை அந்தக் காருக்க ஏத்தி மோட்டர்வேயில விட்டிருப்பார். நீயும் பார்த்துக்கொண்டு நிண்டிருப்பாய், என்ன?"

நான் நின்றிருக்கமாட்டேன். அதற்காகத்தானே அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டேன். ஆனால் அதை எப்படிச் சொல்வது?

அவள் எழும்பி, வானின் திறப்பை எடுத்து அரிசி வாளிக்குள் அடி ஆழத்தில் புதைத்தாள். பிறகு அந்த அரிசியிலேயே உலை வைத்தாள்.

மார்ச் 14, வெள்ளி

அப்பா டொக்டரிடம் தனியாகப் போனார். பஸ்ஸில். எந்த பஸ் என்றுகூட என்னிடம் கேட்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

முதலாளி ஆள் அனுப்பி வானை எடுத்துக்கொண்டார். அதற்கு முன் அப்பா வானின் உள்ளே எல்லாம் கழுவித் துடைத்தார். கதவு இடுக்கில் கிடந்த வெங்காயச் சருகைக்கூட விரலால் எடுத்தார். கடைக்குள் சாமான் அடுக்குகிற வேலை ஏதாவது கிடைக்கலாம் என்று அந்த ஆள் சொன்னார். "பார்க்கலாம்" என்று முதலாளி சொன்னாராம்.

லைசென்சைத் திருப்பி அனுப்புகிற கடிதத்தை என்னிடம் எழுதச் சொல்லவில்லை. நகுலன் மாமாதான் வந்து எழுதினார்.

அப்பா என்னோடு பேசி ஆறு நாள் இருக்கும். கோபம் என்றால் திட்டலாம். அவர் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். தண்ணீர்ச் சாடியை என் பக்கம் தள்ளிவிடுகிறார். அவ்வளவுதான்.

மார்ச் 23, ஞாயிறு

அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். கொஞ்சம் பலமாகத்தான் தேய்த்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்று பெரிய ஆஸ்பத்திரி. மூளைக்கான டொக்டர். பள்ளி முடிந்ததும் நேரே அங்கே வரச்சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள், அவள் இப்போது பகலிலும் வேலைக்குப் போகிறாள்.

நான் போனபோது அப்பா வெளியே கதிரையில் இருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழும்பினேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வேற ஆள் கேட்டனான்" என்றார். "நீ இதில இரு."

கதவைச் சாத்தினார்கள். நான் இருந்தேன். நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். இனி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பிறகு வேறு மாதிரி நினைத்தேன். என்னை அவர் இனி நம்பப்போவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் போனில் இருந்திருக்கிறார். ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்திருந்தார்கள் போல. கதவுக்கு வெளியே ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது, இந்தியத் தமிழில்.

"எப்போலேர்ந்து சார் இந்த மாதிரி வருது?"

பிறகு அப்பாவின் குரல் கேட்டது.

"ஊரில ஷெல் விழுந்த காலத்தில இருந்து. தலையில காயம் பட்டது. மகள் பிறக்கிறதுக்கு முதல்."

குரல் அதை ஆங்கிலத்தில் சொன்னது.

"இடையில கனகாலம் நிண்டுட்டுது. போன வருசம் திரும்பத் துவங்கினது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் வான் போயிடும்."

அதையும் சொன்னது.

"வீட்டுல யாருக்காவது தெரியுமா சார்?"

"மகளுக்குத் தெரியும். அவள் கண்டவள்." அப்பா நிறுத்தினார். கதிரை நகரும் சத்தம் கேட்டது. "டொக்டரிட்ட அவளைக் கொண்டு பொய் சொல்லுவிச்சனான். பிள்ளைக்குப் பதினைஞ்சு வயசு. அவள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் இப்பவும் வான் ஓடிக்கொண்டுதான் இருப்பன்."

அந்தப் பெண் நிதானமாக, ஒவ்வொரு வசனமாக, அது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஏதாவது விடுகிறாளா என்று. ஒன்றையும் விடவில்லை.

நெடுநேரம் கழித்து அப்பா வெளியே வந்தார். கையில் மருந்துச் சீட்டு. கண் சிவந்திருந்தது. நான் ஒன்றும் கேட்காதது போல என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பஸ் எத்தினைக்கு, பிள்ளை?" என்றார்.

நேரத்தைப் பார்த்துச் சொன்னேன். மேல்தட்டில் முன்சீற் காலியாக இருந்தது. அப்பா என்னை யன்னல் பக்கம் விட்டுத் தான் பக்கத்தில் இருந்தார். சந்திக்குச் சந்தி பஸ் நின்று நின்றுதான் போனது. பாதி வழியில் அவர் உண்மையாகவே தூங்கிப்போனார். கண் மூடியிருந்தது. நான் அவரை எழுப்பவில்லை.